பொய் சொல்லத் தெரியாத பையன்

அந்தக் கோடையின் டைரியில் அவனுடைய பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. 'ப.வீ.' என்று மட்டும் இருக்கிறது. பக்கத்து வீடு என்பதன் சுருக்கம். 'காலை 7.10, ப.வீ. மாடியில்.' 'மாலை 6.30, ப.வீ. மாடியில் இல்லை.' பால் திரிந்தது, மின்சாரம் நின்றது, பஸ் தாமதமானது என்று எல்லாவற்றையும் முழுதாக எழுதுகிற நான், ஒரு பதினேழு வயதுப் பையனின் பெயரை எழுதப் பயந்திருக்கிறேன். ஆறு வருடம் ஆகிறது. இப்போதும் எழுதப் போவதில்லை.

சிதம்பரத்தில் ஒரு சுவரைப் பொதுவாகக் கொண்ட இரண்டு வாடகை வீடுகள். ஒன்றில் நானும் என் மகளும் இருந்தோம். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் போனில் வருவார். எனக்குக் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. காலை 7.40 பஸ்ஸில் போனால் வீடு திரும்ப ஆறே கால். அடுத்த வீட்டுக்கு அந்த வருடம் பொங்கல் கழிந்து அவர்கள் வந்தார்கள். அவனுடைய அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா விருத்தாசலத்தில் ரயில்வேயில் இருந்தார், ஞாயிறுதோறும் வருவார். அவனும் என் மகளும் வேறு வேறு பள்ளியில் பிளஸ் டூ.

குடிவந்த வாரத்தில் ஒரு கிண்ணம் புளிக்குழம்பு கொடுத்தனுப்பினேன். மறுநாள் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து எடுத்துவந்து கேட்டுக்கு வெளியே நின்றான். ஒல்லியான உடம்பு, கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டை.

"குழம்பு எப்படி இருந்துச்சு தம்பி?" என்று கேட்டேன். யாரும் கேட்பதுதான்.

"புளி ஜாஸ்தி ஆன்ட்டி," என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ரெண்டு தடவ போட்டுகிட்டு சாப்ட்டேன்," என்றான்.

உள்ளே என் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் நான் குறித்து வைத்திருக்க வேண்டும். அன்றைய டைரியில் 'புளி குறைக்க' என்று எழுதியிருக்கிறேன்.

தெருப் பையன்கள் அடித்த பந்தில் ஒருமுறை முனை வீட்டு ஸ்கூட்டரின் கண்ணாடி உடைந்தது. எல்லாரும் ஓடிவிட்டார்கள். இவன் மட்டும் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, வீட்டுக்காரர் வெளியே வரும்வரை காத்திருந்து, "நான்தான் சார் பௌலிங் போட்டேன். அடிச்சது யாருன்னும் சொல்லணுமா?" என்று கேட்டான். அதன்பிறகு பையன்கள் அவனை ஆட்டத்துக்குச் சேர்ப்பதில்லை. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவனுடைய அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ரெண்டாவது படிக்கும்போது காய்ச்சல மறைச்சிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டான். ரெண்டு நாள் கண்ணத் தொறக்கல. அப்புறம் நான்தான் சொன்னேன், எது இருந்தாலும் மறைக்காம சொல்லிடுடான்னு. அத அப்படியே புடிச்சிகிட்டான். எங்க போயி என்னா ஆவப்போறானோ," என்றார்.

மாமாவும் அதைக் கவனித்தார். என் கணவரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். புவனகிரிக்கு அந்தப் பக்கம் ஊர், நெல் சாகுபடி. மாதம் இரண்டு முறை அரிசி, தேங்காய், சீசனுக்கு ஏற்ற பழம் என்று எடுத்துக்கொண்டு வருவார். என் மகள் மீது அவருக்கு உயிர். ஆறு வயதில் அவளுக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். இதையும் எழுதாவிட்டால் சரியாக இருக்காது.

அவர் முதன்முதலாக அந்தப் பையனைப் பார்த்தது எங்கள் வீட்டு வாசலில்.

"புதுசா வந்துருக்கீங்களா தம்பி? எந்த ஊரு?"

ஊர்ப்பெயரைச் சொன்னான்.

"அப்படியா. அங்க எந்தத் தெரு?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். டவுனில் குடியிருப்பவர்கள் 'பஸ் ஸ்டாப்புகிட்ட' என்று சொல்லி நழுவிவிடுவார்கள். அப்படி நழுவினால் அதுவும் ஒரு பதில்தான். இவன் நழுவவில்லை.

"தெரு இல்லீங்க. காலனி. ஊருக்குத் தெக்கால இருக்குது," என்றான், மாமாவின் முகத்தைப் பார்த்தபடியே.

மாமா உள்ளே வந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டார். "மறைக்காம சொல்றாம்மா. நாக்குல பொய் வராது போல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, "கிண்ணம் கிண்ணமா குடுத்து வாங்கிப் பொழங்காத," என்றார்.

நான் ஏன் பயந்தேன் என்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அதற்கு நான்கு வருடம் முன்பு எங்கள் உறவில் ஒரு பெண் இறந்துபோனாள். கல்லூரியில் முதல் வருடம். வயிற்று வலி என்றார்கள். நான் தகவல் கிடைத்த அரை மணி நேரத்தில் கிளம்பிப் போனேன். பதினொன்றரைக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவளுடன் பஸ்ஸில் பேசியபடி வருவான் என்று சொல்லப்பட்ட பையனைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமாவும் குளித்த ஈரத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் எதையும் கேட்கவில்லை. டைரியில் 'வயிற்று வலி என்றார்கள்' என்று எழுதினேன். 'என்றார்கள்' என்ற சொல்லை எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை முடிந்த பிறகு என் மகளுக்கு மாடியில் வேலை கொடுத்தேன். வடாம் பிழிந்து காய வைப்போம். காக்கை வராமல் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு அவள் காவல் இருப்பாள். ஒரு சனிக்கிழமை காலை 7.10க்கு நான் மேலே போனபோது, இடுப்பளவு கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான். பேச்சு நின்றது.

"என்ன தம்பி, காலையிலேயே மாடியில?"

"காக்கா வெரட்டுறேன் ஆன்ட்டி."

எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவன் தலையை ஆட்டினான். "இல்ல, அது பாதிதான். அவங்களப் பாக்கத்தான் வந்தேன். பரீட்ச முடிஞ்ச மறுநாள்லேர்ந்து தெனம் வர்றேன்."

"டேய்!" என்று என் மகள் குடையை முகத்துக்கு நேராக இறக்கிக்கொண்டாள்.

அவன் அவளை ஒருபோதும் 'அவள்' என்று சொன்னதில்லை. 'அவங்க'தான். அவள் அவனை 'டேய்' என்பாள்.

"தெனமும் அப்படி என்ன பேசுவீங்க?"

"நேத்து புரோட்டாவப் பத்தி. முந்தாநேத்து அவங்க அப்பாவப் பத்தி. ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தப்ப கார்ல யாரும் பேசலன்னு சொல்லி அழுதாங்க."

அந்தக் காரில் நானும் இருந்தேன். அவள் அதற்காக அழுவாள் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில் நான் சுற்றியிருந்த ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் மாடியைப் பார்த்தபடி நான்கு ஜன்னல்கள். இரண்டு திறந்திருந்தன.

கீழே வந்ததும் மகளிடம், "பெரியப்பா வந்து அவன்கிட்ட கேட்டா என்ன ஆவும்?" என்றேன்.

"கேட்டா சொல்லிடுவான். அவன் அப்படித்தான்," என்றாள்.

எச்சரிக்கையாக அல்ல, பெருமையாகச் சொன்னாள். அவளிடம் இனி மாடிக்குப் போகக் கூடாது என்றேன். நான் 7.40 பஸ்ஸில் ஏறிய பிறகு அந்த வீட்டில் அந்த உத்தரவுக்கு என்ன மதிப்பு என்பது எனக்கும் தெரியும்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை மாலை அவன் கேட்டருகே நின்றான். மூக்கும் நெற்றியும் வெயிலில் கறுத்திருந்தன.

"எங்க போயிட்டு வந்த தம்பி?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"கடலூர் பீச்சுக்கு ஆன்ட்டி. அவங்களும் வந்தாங்க. வெயில் ஜாஸ்தின்னு குடை எடுத்துட்டு வந்தாங்க. சுண்டல் சாப்ட்டோம். கால் நனைச்சோம். மூனே முக்கா பஸ்ல திரும்பிட்டோம்." பிறகு, "உங்க ஆபீஸ் வழியாத்தான் ஷேர் ஆட்டோ போச்சு. உங்கள நெனச்சு ரெண்டு பேருக்கும் கஷ்டமாயிடுச்சு," என்றான்.

அவன் முகத்தில் அடிக்கலாம் போலவும் இருந்தது, உள்ளே கூப்பிட்டுச் சோறு போடலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

சனிக்கிழமை காலை மாமா போன் செய்தார்.

"நம்ம ஊருக்காரன் ஒருத்தன் வியாழக்கெழம மனு குடுக்கக் கடலூர் போயிருக்காம்மா. அப்படியே பீச்சுப் பக்கம் போனானாம். நம்ம பாப்பா மாதிரி ஒரு பொண்ண ஒரு பையன்கூட பாத்தேங்கறான். கறுப்புக் கொடையாம். மூஞ்சி சரியாத் தெரியலையாம்."

"பாப்பா ஊட்டுலதான மாமா இருந்துச்சு."

"நீ ஆபீசுல இருந்த. ஒனக்கு எப்படித் தெரியும்?"

மகள் காதில் விழாமல் இருக்கப் போனோடு வாசலுக்கு வந்தேன்.

"பாப்பாவ நான் ஒன்னும் கேக்கமாட்டேன். கேட்டா அழுவும், எனக்குத் தாங்காது. ஒங்க பக்கத்து ஊட்டுப் பையன் இருக்கான் பாரு, புதங்கெழம வந்து அவன ஒரு வார்த்த கேக்கறேன். அவனா இருந்தாலும் அவன்தான்னு சொல்லிடுவான். பொய் சொல்லமாட்டான்." பிறகு, "அவனா இருக்கக் கூடாதும்மா. அதான் வேண்டிகிட்டு இருக்கேன். இருந்தா அப்பறம் எங் கையில எதுவும் இல்ல," என்றார்.

கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அவர் கெஞ்சுவது போலப் பேசினார்.

அன்று மாலை கேட்டருகே அவனைக் கண்டு, திங்கட்கிழமை கடலூருக்கு என் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். உணவு இடைவேளை 1.10 முதல் 1.40 வரை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு புங்கமரம் உண்டு. அங்கே நிற்க வைத்து, மாமா புதன்கிழமை வந்து கேட்கப்போவதைச் சொல்லி, நானே மாமாவாகக் கேட்டேன்.

"வியாழக்கெழம கடலூர் போனியா?"

"போனேன்."

"சரி, அது இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டுல ஒன்ன யாராச்சும் பாத்திருக்கலாம். கூட யாரு வந்தா?"

"அவங்க."

"தம்பி!"

"சாரி ஆன்ட்டி. வாயில வந்துடுது."

"கூடப் படிச்ச பொண்ணுன்னு சொல்லு. எங்க பாப்பாகூட பேசுவியா? பேசமாட்டேன்னு சொல்லு."

"பேசமாட்..." என்று தொடங்கிச் சிரித்துவிட்டான். காது சிவந்தது. நான்கு முறை சொல்லவைத்தேன். நான்கு முறையும் கண் தரைக்குப் போனது. மணி 1.25.

"நான் சொன்னா அவர் நம்புவாரா ஆன்ட்டி?"

"நம்புவாரு. நீ இதுவரைக்கும் பொய் சொன்னதே இல்லியே."

அவன் அதை யோசித்தான். "அப்ப இது ஒரு தடவதான் வேல செய்யும்," என்றான்.

வேறு வழியில்லாமல் அந்த வயிற்று வலிக்காரப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பதினொன்றரை மணிக்கு எல்லாம் முடிந்திருந்ததை, ஆண்கள் குளித்துவிட்டு வந்ததை, யாரும் பேசாத அந்தப் பையனை. வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அவன் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் காலியானது.

"அவங்களுக்கு ஒன்னும் ஆவக் கூடாது," என்றான். தன்னைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. "அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடறேன், நான் பொய் சொல்லப்போறேன்னு."

"கூடாது. அவளுக்குத் தெரிஞ்சா மூஞ்சியில தெரியும். மூஞ்சியில தெரிஞ்சா பெரியப்பா கண்டுபுடிச்சிடுவாரு. என்னிக்கும் சொல்லக் கூடாது. எனக்கு வாக்குக் குடு."

கொடுத்தான். அவன் கொடுத்தால் அது கொடுத்ததுதான்.

புதன்கிழமை நான் விடுப்பு. மாமா பதினொரு மணிக்கு வந்தார். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் கொண்டுவந்து கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்தார். பழத்தை அவரே அறுப்பதுதான் வழக்கம். கத்திக்கும் கைக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, "அந்தத் தம்பியக் கூப்புடும்மா," என்றார். என் மகள் சமையலறையில் இருந்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது.

அவன் வந்து நின்றான். அவனை உள்ளே கூப்பிட்டது அதுவே முதல்முறை.

"ஒக்காரு தம்பி. வியாழக்கெழம எங்க போயிருந்த?"

"கடலூருக்குங்க. பீச்சுக்கு."

கத்தி பழத்துக்குள் இறங்கி நின்றது. "யாரு கூட?"

"கூடப் படிச்ச பொண்ணுங்க."

"கறுப்புக் கொட வச்சிருந்துச்சா?"

இதை நாங்கள் பழகவில்லை.

"எங்க அம்மா கொடைங்க. நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

"எங்க பாப்பாவும் மாடியில கொட வச்சிருக்குமாமே. நீ அதுகூட பேசுவியாமே?"

அவன் தரையைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தான், அன்று 'காலனி' என்று சொன்னபோது பார்த்த அதே பார்வை.

"அவங்களா? மொதல்ல ரெண்டு மூனு தடவ பேசுனேங்க. புடிக்கல. ரொம்பத் திமிரு. அவங்க வந்தா நான் எறங்கிப் போயிடுவேன்."

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

மாமா அவனைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தியாம்மா! எங்கிட்டியே எம் பொண்ணு திமிருங்கறான்! வேற எவனாச்சும் சொல்லுவானா? நான் சொன்னன்ல, இவன் வாயில பொய் வராதுன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிம்மதியில் அவருக்கு நிஜமாகவே கண்ணீர் வந்திருந்தது. ஐந்து சுளைகளை எடுத்து ஒரு தாளில் வைத்து நீட்டினார். "தின்னு தம்பி."

ஐந்தையும் அங்கேயே தின்றான். கொட்டைகளைத் தாளில் வரிசையாக வைத்தான். அதுவரை மாமாவைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த நான், அவனைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தேன்.

என் மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாடிக்குப் போகவில்லை. அவன் பொய் சொல்ல மாட்டான் என்று மாமாவுக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். வடாமை நானே அள்ளி டப்பாவில் போட்டேன்.

அடுத்த வாரம் அவனுடைய அம்மா, விருத்தாசலத்துக்கே போய்விடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அவரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. வியாழக்கிழமை மாலை அவனைக் கேட்டருகே பார்த்தேன்.

"எப்ப தம்பி கெளம்புறீங்க?"

"ஞாயித்துக்கெழம ஆன்ட்டி. வந்து சொல்லிட்டுத்தான் போவேன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு என்று அவனுக்காக ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் செய்யலாம் என்று நினைத்தேன், புளி குறைத்து. மறுநாள் வெள்ளி. மாலை ஆறே காலுக்கு நான் திரும்பியபோது அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. வண்டி காலை எட்டு மணிக்கே வந்துவிட்டதாக முனை வீட்டுக்காரர் சொன்னார். நான் பஸ் ஏறிய இருபதாவது நிமிடம்.

வண்டி எந்த நாளில் வருகிறது என்பது எங்கள் வீட்டு ஆட்களுக்குத் தெரியக் கூடாது என்று அவன் நினைத்திருக்கிறான். எங்கள் வீட்டு ஆட்களில் நானும் ஒருத்தி. அந்தப் புங்கமரத்தடியில் நான் சொல்லிக்கொடுத்ததை அவன் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தான்.

அவனை அதன்பிறகு பார்க்கவில்லை.

சென்ற மாதம் என் மகளுக்கு மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். நல்ல இடம், பையன் கடலூரில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை பதில் கேட்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அதே போலப் பலாப்பழம், செய்தித்தாள், எண்ணெய். கொஞ்சம் கிழடாகிவிட்டார், கத்தியை அழுத்த இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. ஆனால் அவருடைய இரண்டு மகன்கள் இப்போது நன்றாக வளர்ந்துவிட்டார்கள். ஒருவன் வாசலில் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான்.

என் மகள் சமையலறைக் கதவைப் பாதி சாத்தினாள்.

"அம்மா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். அப்பறம் எப்பவும் கேக்கமாட்டேன். அன்னிக்கு அவன் பெரியப்பாகிட்ட சொன்னது நெசந்தான?"

நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நெசம்னா போயி சரின்னு சொல்லிடறேன். இல்லன்னா இப்ப சொல்லிடு. நான் விருத்தாசலம் போயி அவனையே கேட்டுக்கறேன்."

கூடத்தில் மாமா, "என்னம்மா, பாப்பா என்ன சொல்லுது?" என்று குரல் கொடுத்தார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நானும் தரையைப் பார்க்கவில்லை.

"அவன் என்னிக்காவது பொய் சொல்லி நீ பாத்திருக்கியா?" என்றேன்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து கூடத்துக்குப் போனாள். நான் சுளைகளை வைக்கத் தட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.